துடைப்பம் எடுத்த பெண்

அன்புள்ள ஐயா,

பெர்லினில் அகதி இளைஞர்களுக்கான ஒரு மையத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். சிரியா, ஆப்கானிஸ்தான் பிள்ளைகள். பார்வையாளர்களும் எழுந்து வந்து நடிக்கும் அரங்க முறையைப் பழக்குகிறோம். ஆண்டு விழாவில் அவர்கள் தங்கள் பயணக் கதையையே நடிப்பதாகத் திட்டம். நடுவில் இரண்டு பையன்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். என்ன நாடகம் போடலாம்? தமிழில் இப்படி முயற்சிகள் உண்டா?

நித்யா

அன்புள்ள நித்யா,

தமிழ் முயற்சிகளைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். நாடகத்துக்கும் அவசரமில்லை. நின்றுபோன பையன்களை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே, அம்மா!

புகலிடம் கேட்பவன் தன் கதையை முதலில் சொல்வது அதிகாரியிடம். எந்தத் தேதி, யார் அடித்தது, எந்த வழியாக வந்தாய்? ஒரு தேதி முன்பின் ஆனால்கூடச் சந்தேகம் வரும். அப்புறம் வழக்கறிஞர், மனநல ஆலோசகர், பத்திரிகைக்காரர். கடைசியில் நீங்கள், விளக்கும் இசையும் சேர்த்து, இன்னொரு தடவை சொல் என்கிறீர்கள். எதற்கு வருவான்?

ஐரோப்பாவில் ஒரு விழாவில் ஈழத்துப் பையன் ஒருவனைக் கடல் கடந்த கதையைச் சொல்ல வைத்தார்கள். சபை அழுதது. சாப்பாட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் கடலைப் பற்றிப் பேசவே இல்லை. வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறாராம். அவரிடம் எப்படிப் பேசுவது என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டான். நாடகம் அங்கேதான் இருந்தது. கடலில் நடந்ததை எந்தப் பார்வையாளர் எழுந்து வந்து மாற்றமுடியும்? அழலாம், அவ்வளவுதான். வீட்டுக்காரரிடம் பேசும் விதத்தை மாற்றலாம்.

இந்த முறையை உருவாக்கிய அகஸ்டோ போவால் பிரேசில் ராணுவ ஆட்சியில் 1971இல் சிறைப்பட்டு, சித்திரவதைக்குள்ளாகி நாட்டை விட்டுப் போனவர். 1973இல் பெருவில் எழுத்தறிவு இயக்கத்தோடு வேலை செய்தபோது ஒரு பெண்ணின் பிரச்சினையை நடித்துக் காட்டினார்கள். வீட்டுப் பணத்துக்கான ரசீது என்று கணவன் கொடுத்து வைத்த தாள்கள் உண்மையில் அவன் காதலியின் கடிதங்கள். மனைவிக்கு எழுத்து தெரியாது. அவனை என்ன செய்வது? பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், “அவனிடம் தெளிவாகப் பேசணும்” என்றார். நடிகர்கள் எப்படிப் பேசிக் காட்டினாலும், இது இல்லை, இது இல்லை என்றார். பொறுமை இழந்த போவால், நீங்களே வந்து செய்யுங்கள் என்றார். அந்தப் பெண் மேடையேறி, துடைப்பத்தால் ‘கணவனை’ விளாசிவிட்டார். அதுதான் அவருடைய தெளிவான பேச்சு! அந்தம்மாளிடம் யாரும் அவர் சொந்தத் துயரத்தைக் கேட்கவில்லை, கவனித்தீர்களா?

சரி, விழாவைத் தள்ளிப்போடுங்கள். கனவான்களை அழைக்காதீர்கள், அதே சிக்கலில் இருக்கும் பிள்ளைகளை உட்கார வையுங்கள். விசா நீட்டிப்பு கவுண்டர், வாடகை அறை, பள்ளிக்கூடம், எதை எடுப்பது என்று அவர்களே சொல்லட்டும். கவுண்டர் அதிகாரியாக நீங்கள் நடியுங்கள். பிள்ளைதானே என்று இரக்கப்பட்டு உடனே முத்திரை குத்திக் கொடுத்துவிடாதீர்கள். நாலு பேராவது வந்து மோதிப் பார்க்கட்டும்.