கெர்பலில் சாட்டர்ன் 5: வாசகர் கேள்வி – பதில்

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் விளையாட்டில் நிஜ நிலா ராக்கெட்டுகளின் பிரதிகளைக் கட்டுவது பற்றி வந்த கேள்விகள் இந்த முறை. பதில்கள் விளையாட்டின் முதல் பதிப்புக்கானவை. மேக்கிங் ஹிஸ்டரி துணைத்தொகுப்பு உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: ஐந்து மீட்டர் டேங்க், கீழே ஐந்து மாஸ்டடான் எஞ்சின், அதற்கு மேல் ஐந்து ஸ்கிஃப் எஞ்சின், உச்சியில் ஒரு ஸ்கிஃப் என்று அப்பல்லோவின் நிலா ராக்கெட்டான சாட்டர்ன் 5ஐக் கட்டினேன். பார்க்க அச்சு அசல். ஆனால் இரண்டாம் அடுக்கு முடிவதற்குள்ளேயே சுற்றுப்பாதைக்குப் போய்விடுகிறது. எங்கே தப்பு?

பதில்: ராக்கெட்டில் தப்பில்லை, கோள் சின்னது. பூமியைச் சுற்ற நொடிக்கு 7.8 கி.மீ. வேகம் வேண்டும். விளையாட்டின் பூமியான கெர்பினின் ஆரம் வெறும் 600 கி.மீ. என்பதால் 80 கி.மீ. உயரத்தில் சுற்ற 2.3 கி.மீ. போதும். காற்று, ஈர்ப்பு இழப்புகளைச் சேர்த்தாலும் தேவையான டெல்டா-வி (ராக்கெட் மாற்ற வேண்டிய மொத்த வேகம்) நொடிக்கு 3,400 மீட்டரைத் தாண்டாது. கோளைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிய விளையாட்டில், 10.1 மீட்டர் விட்டமுள்ள ராக்கெட்டை 5 மீட்டராகப் பாதிதான் சுருக்கியிருக்கிறீர்கள். சக்தி மிஞ்சத்தான் செய்யும்.

கணக்குப் போடுவோம். முதல் அடுக்குக்கு எஸ்4-512 டேங்க், இரண்டாவதற்கு எஸ்4-256, மூன்றாவதற்கு 36 டன் எடையுள்ள டேங்க். தாய்க்கலமும் இறங்குகலமும் சேர்ந்து 40 டன். எல்லாவற்றையும் நிரப்பினால் மூன்று அடுக்கும் சேர்ந்து 6,200 மீட்டருக்கு மேல் தரும். சுற்றுப்பாதைக்கு 3,400, அங்கிருந்து மன் என்ற நிலாவுக்குக் கிளம்ப 860, ஆக 4,260தான் தேவை. ஏறக்குறைய 2,000 மீட்டர் அதிகம்.

ஆகவே டேங்க்கைச் சின்னதாக்காதீர்கள், உருவம் கெட்டுவிடும். எரிபொருளைக் குறையுங்கள். முதல் அடுக்கில் 60 சதவீதம், இரண்டாவதில் 50, மூன்றாவதில் 70. இப்போது முதல் இரண்டும் சேர்ந்து சுமார் 3,300 தரும். மிச்சத்தை மூன்றாம் அடுக்கு கொஞ்ச நேரம் எரிந்து முடித்து, அணைந்து, ஒன்றரைச் சுற்றுக்குப் பிறகு மறுபடி பற்றி நிலாவுக்குத் தள்ளும். அப்பல்லோ 11 போனதும் அப்படித்தான்.

இதில் இரண்டு இடத்தில் கால் இடறும். எரிபொருளும் அதை எரிய வைக்கும் ஆக்சிடைசரும் 9:11 விகிதத்தில் எரிபவை. ஒரு ஸ்லைடரை மட்டும் இழுத்தால் மற்றது வீண் சுமையாகக் கடைசி வரை கூடவே வரும். இரண்டையும் ஒரே சதவீதத்தில் வையுங்கள். அடுத்தது, எடை 370 டன்னுக்கு இறங்கிவிட்டதால் ராக்கெட் பட்டாசு மாதிரி பாயும். ஒரு மாஸ்டடான் தரைமட்டத்தில் சுமார் 1,280 கிலோநியூட்டன் தள்ளும். ஐந்தும் முழு விசையில் எரிந்தால் எடையைப் போல் 1.8 மடங்கு. நிஜ சாட்டர்ன் கோபுரத்தை விட்டு எழும்பியதோ ஏறக்குறைய 1.2 மடங்கில். அந்தச் சோம்பலான எழுச்சிதான் அதன் அழகே. எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ரஸ்ட் லிமிட்டரை 70க்கு இறக்குங்கள். சிமெட்ரியில் (ஒரே நேரத்தில் சமச்சீராக) வைத்த வெளி நான்கும் சேர்ந்து மாறும், நடு எஞ்சின் மாறாது. அதைத் தனியாக ரைட் கிளிக் செய்து மாற்ற வேண்டும்.

நிஜ கோள் அளவே வேண்டும் என்பவர்களுக்கு ரியல் சோலார் சிஸ்டம் மோட் இருக்கிறது. அங்கே இந்தப் பாகங்கள் திணறும்.

கேள்வி: ஏறும்போது நடுவில் வளைந்து, வால் ஆட்ட ஆரம்பித்து, கடைசியில் ஒடிகிறது. எத்தனை ஸ்ட்ரட் (தாங்கு கம்பி) போட்டாலும் நிற்கவில்லை.

பதில்: ஸ்ட்ரட்டைக் குவிக்க வேண்டாம். விளையாட்டில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு ஸ்பிரிங். எஸ்ஏஎஸ் என்ற தானியங்கி நிலைப்படுத்தி மூக்கைப் பார்த்து எஞ்சினைத் திருப்புகிறது, வால் அசைந்து நடு வளைகிறது, மூக்கு விலகியதும் மறுபடி திருப்புகிறது. வட்டம் வளர்ந்துகொண்டே போகும்.

செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு ட்வீக்கபிள்ஸை இயக்கினால் ஒவ்வொரு பாகத்திலும் ஆட்டோஸ்ட்ரட் என்ற தானியங்கித் தாங்கல் தெரியும். பெரிய டேங்க்குகளுக்கு ‘கிராண்ட்பேரன்ட்’ (இரண்டு பாகம் தள்ளி இருப்பதோடு பிணைப்பது) தேர்வு செய்யுங்கள். பலர் ‘ஹெவியஸ்ட் பார்ட்’ போட்டுவிடுகிறார்கள். அடுக்கு பிரியும்போதும் டாக்கிங் (இரு கலங்களை இணைத்தல்) செய்யும்போதும் எது கனமான பாகம் என்பதே மாறிவிடும், அந்த நொடியில் கலம் உதறும்.

பிறகு கிம்பல், அதாவது எஞ்சின் திரும்பும் வசதி. நிஜ சாட்டர்னின் முதல் அடுக்கில் வெளி நான்கு எஞ்சின்கள்தான் திரும்பின, நடு எஞ்சின் அசையாது. நீங்களும் நடு எஞ்சினின் கிம்பலைப் பூட்டி, மற்ற நான்கிலும் லிமிட்டை 40க்குக் குறையுங்கள். பிரதியும் சுத்தமாகும், ஆட்டமும் அடங்கும். (1968 ஏப்ரல் 4இல் அப்பல்லோ 6 மேலே போனபோது நிஜ ராக்கெட்டும் பலமாக நடுங்கியது. அது எஞ்சின் விசையும் எரிபொருள் குழாயும் ஒன்றையொன்று தூண்டிய அதிர்வு. உங்களுடையது வேறு வியாதி.)

கேள்வி: மூன்றாம் அடுக்குக்குள் இருக்கும் இறங்குகலத்தைத் தாய்க்கலம் திரும்பி வந்து இழுக்க வேண்டுமே, அதை எப்படி அடுக்குவது? என்னுடையதில் ஃபேரிங் (மூடும் உறை) திறந்த பிறகும் தாய்க்கலம் ஒட்டிக்கொண்டே நிற்கிறது.

பதில்: ஸ்டேஜிங், அதாவது பாகங்கள் இயங்கும் வரிசைதான் காரணம். மூன்றாம் அடுக்கின் தலையில் 3.75 மீட்டர் ஃபேரிங் அடிப்பாகம். அதன் மேல் பாகங்களைப் பிரித்துவிடும் ஒரு டிகப்ளர், டிகப்ளர் மேல் கால் மடக்கிய இறங்குகலம், டாக்கிங் போர்ட் மேலே பார்த்தபடி. ஃபேரிங்கை ரைட் கிளிக் செய்து இன்டர்ஸ்டேஜ் நோடுகளை (உறைக்குள் பாகம் மாட்டும் புள்ளிகள்) இயக்குங்கள். மேல் நோடில் இன்னொரு டிகப்ளர், அதன் மேல் தாய்க்கலம். பிறகுதான் ஃபேரிங் சுவரை இழுத்துத் தாய்க்கலத்தின் அடியோடு மூட வேண்டும். வரிசை: முதலில் மேல் டிகப்ளர், அடுத்து ஃபேரிங், கடைசியில் கீழ் டிகப்ளர். ஃபேரிங்கை முதலில் வைத்தால் சுவர் போய்விடும், உள்ளே இருக்கும் நோடுச் சட்டம் மட்டும் தாய்க்கலத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

பிரிந்ததும் ஆர்சிஎஸ் என்ற சிறு உந்திகளால் 30 மீட்டர் முன்னே போய் நில்லுங்கள். இறங்குகலத்தின் போர்ட்டை ‘செட் அஸ் டார்கெட்’, உங்கள் மூக்குப் போர்ட்டை ‘கன்ட்ரோல் ஃப்ரம் ஹியர்’ ஆக்கி, எஸ்ஏஎஸ்ஸை டார்கெட்டில் வையுங்கள், தானே திரும்பும். நொடிக்கு 0.3 மீட்டருக்கு மேல் நெருங்காதீர்கள். போர்ட்டுகள் தொட்டுத் தொட்டு ஒட்டாமல் நழுவினால் கொஞ்சம் பின்வாங்கி மறுபடி வாருங்கள், அப்போதுதான் காந்தம் மீண்டும் உயிர் பெறும். எத்தனை முறை வந்தும் ஒட்டவில்லையா? கட்டும்போது போர்ட்டைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள். அதற்குப் பறக்கும்போது மருந்தில்லை.

கேள்வி: நிலாவில் இறங்கிவிடுகிறேன். ஆனால் திரும்ப ஏறும் அடுக்கில் எரிபொருள் பாதிகூட இல்லை.

பதில்: இறங்கும், ஏறும் அடுக்குகளுக்கு நடுவே டிகப்ளருக்குப் பதில் டாக்கிங் போர்ட் வைத்தீர்களா? போர்ட் வழியாக எரிபொருள் பாயும், கீழ் எஞ்சின் மேல் டேங்க்கையும் குடித்துவிடும். போர்ட்டில் கிராஸ்ஃபீடை அணையுங்கள், அல்லது டிகப்ளருக்கு மாறுங்கள்.

அளவு: 15 கி.மீ. சுற்றுப்பாதையிலிருந்து இறங்க 580 மீட்டர், ஏற 580. இறங்கும் அடுக்குக்கு 800, ஏறும் அடுக்குக்கு 700 வையுங்கள். அப்பல்லோவும் தன் கடைசி இறக்கத்தை ஏறக்குறைய 15 கி.மீ. உயரத்தில்தான் தொடங்கியது.

கேள்வி: சோவியத்தின் நிலா ராக்கெட்டான என்1 கட்டலாமா? சிமெட்ரி எட்டுக்கு மேல் போகவில்லை, முப்பது எஞ்சினுக்கு என்ன செய்வது?

பதில்: அடியில் வெளி வளையம் 24, உள் வளையம் 6. வெளி வளையத்தை எட்டு எட்டாக மூன்று தொகுதியாக வையுங்கள். ஒரு தொகுதியில் எஞ்சினுக்கு எஞ்சின் 45 பாகை. இரண்டாவதை 15, மூன்றாவதை 30 பாகை திருப்பினால் இடைவெளி நிரம்பும். ஆங்கிள் ஸ்னாப் ஒரு படிக்கு 15 பாகை என்பது இங்கே வசதி. ஒட்டும் புள்ளிக்கு கியூபிக் ஆக்டகனல் ஸ்ட்ரட் போதும், எரிபொருள் வராவிட்டால் ஒரு ஃப்யூல் டக்ட் இழுங்கள்.

எஞ்சினுக்கு ரிலையன்ட் பொருத்தம், அதில் கிம்பலே கிடையாது. நிஜ முதல் அடுக்கிலும் எஞ்சின்கள் திரும்பவில்லை, எதிரெதிர் எஞ்சின்களின் விசையைக் கூட்டிக் குறைத்தே ராக்கெட்டைத் திருப்பினார்கள். விளையாட்டு அதைத் தானாகச் செய்யாது, ஆகவே உள் ஆறுக்கு மட்டும் கிம்பல் உள்ள ஸ்விவெல் வையுங்கள். என்1இன் அடி சுமார் 17 மீட்டர், பாதி அளவில் 8.5. அந்த வட்டத்தில் எஞ்சினுக்கு 1.1 மீட்டர் கிடைக்கும். ரிலையன்ட்டின் விட்டம் 1.25 என்பதால் பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் ஊடுருவும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். 1969 முதல் 1972 வரை நான்கு முறை கிளம்பிய என்1, நான்கு முறையும் முதல் அடுக்கு எரியும்போதே போனது. உங்களுடையது அதைவிட அதிக தூரம் போகும், கம்ப்யூட்டர் தாங்கினால். மேலே இடப்பக்கக் கடிகாரம் மஞ்சளாக மாறினால் பாகங்களின் எண்ணிக்கை அதிகம் என்று அர்த்தம்.