செஸ்னாவின் பெயிண்டை நானே உரிக்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் வேலை பார்க்கிறேன். 1975-ல் தயாரான செஸ்னா 172 என்ற சிறிய விமானம் ஒன்றை வாங்கியிருக்கிறேன். பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. பெயிண்ட் ஷாப்புகள் சொல்லும் தொகை கட்டுப்படியாகவில்லை. விமானத்தை நிறுத்தியிருக்கும் ஹேங்கர் பக்கம் வந்துபோகும் ஒரு தரகர், "பழைய மெத்திலீன் ஒரு டிரம் இருக்கிறது, பாதி விலைக்கு உரித்துத் தருகிறேன்" என்கிறார். அவரிடம் விடலாமா, நானே பெயிண்ட் ரிமூவர் வாங்கி உரிக்கலாமா?

பதில்: நீங்களே உரிக்கலாம். பைலட் லைசென்ஸ் உள்ள உரிமையாளர் தன் கையால் செய்யக்கூடிய வேலைகள் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. வெளிப்பூச்சைப் புதுப்பிப்பது அதில் இருக்கிறது. முடித்ததும் விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு விலக்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தரகர். அவர் சொல்வது மெத்திலீன் குளோரைடு. கால் மணி நேரத்தில் பெயிண்டைச் சுருட்டிவிடும், அதில் பொய் இல்லை. ஆனால் 40 டிகிரியிலேயே கொதிக்கிற சரக்கு அது. அதன் ஆவி காற்றைவிடக் கனம், தாழ்வான இடத்தில் தேங்கும். மூச்சில் போனால் உடம்பே அதில் ஒரு பகுதியைக் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவாக மாற்றிவிடும். கடையில் கிடைக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் இதற்கு உதவாது, வெளியிலிருந்து குழாயில் காற்று வர வேண்டும். சாதாரண நைட்ரைல் கையுறையை நிமிடங்களில் ஊடுருவிவிடும். பெயிண்ட் ரிமூவராக இதைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ 2019-லேயே தடை செய்தது. 2024-ல் வந்த விதி பெரும்பாலான தொழில் பயன்பாட்டையும் மூடிவிட்டது. விமானத்தின் சில முக்கிய பாகங்களுக்கு விலக்கு உண்டு. அதற்கும் காற்றை அளந்து, 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) அளவுக்குள் வைத்து, பதிவேடு காட்ட வேண்டும். அதைப் பெரிய நிறுவனம் செய்துவிடும். ஒற்றை விமானம் வைத்திருப்பவர் அந்த விதியைப் படித்து முடிப்பதற்குள் மிச்ச பெயிண்டும் தானே உதிர்ந்துவிடும். அதே நேரத்தில் ரொக்கத்துக்கு டிரம் விற்கிறவரை எட்டிப் பார்க்க ஆளில்லை. இந்த ஏற்பாட்டின் லட்சணம் அது.

தரகர்கள் மேல் எனக்கு இன்னொரு கோபம் உண்டு. ரிமூவர் போட்டும் பெயிண்ட் வராத இடத்தில் பவர் சாண்டர் என்ற தேய்ப்பு மெஷினை எடுத்துவிடுவார்கள். உங்கள் விமானத் தகட்டின் மேல் துருவைத் தடுக்க மெல்லிய தூய அலுமினியப் படலம் இருக்கிறது, பக்கத்துக்குத் தடிமனில் சுமார் 5 சதவீதம். 0.6 மி.மீ. தகட்டில் அது 0.03 மி.மீ.தான். சாண்டர் பட்டால் போயிற்று. மேலே புது பெயிண்ட் பளபளக்கும், அரிப்பு சில வருடம் கழித்துத்தான் தெரியும். அப்போது தரகரின் போன் எடுபடாது. டின்னில் 'ஏர்கிராஃப்ட்' என்று போட்டிருப்பதையும் நம்பாதீர்கள், கார் பட்டறைக்கான சரக்குக்குக்கூட அந்தப் பெயர் வைத்து விற்றிருக்கிறார்கள். அலுமினியத்துக்கு ஆகும் என்று தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளில் எழுதியிருக்க வேண்டும்.

நீங்கள் வாங்க வேண்டியது பென்சைல் ஆல்கஹால் ரகம். மெதுவாகத்தான் வேலை செய்யும், சில சமயம் ஒரு ராத்திரி முழுக்க ஊற வேண்டும். வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில், ப்யூட்டைல் ரப்பர் கையுறையும் முகத்தை மூடும் கவசமும் போட்டுக்கொண்டு தொடங்குங்கள். தடிமனாக, ஒரே திசையில் பூசுங்கள். முன்னும் பின்னும் பிரஷ்ஷை ஓட்டினால் மேலே படியும் மெழுகுப் படலம் கிழிந்து சீக்கிரம் காய்ந்துவிடும். மேலே பாலித்தீன் விரித்து மூடலாம். பெயிண்ட் சுருங்கி எழும்பியதும் பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளுங்கள். ஸ்டீல் உல் கூடவே கூடாது, அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து துருவுக்கு வழி செய்யும். அப்புறம் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவுங்கள். தகடும் தகடும் சேரும் இடுக்கில் ரிமூவர் தங்கினால் உள்ளே அரிக்கும், அதனால் இணைப்புகளை அலுமினிய டேப்பால் முன்பே மூடுங்கள். கண்ணாடி என்று நாம் சொல்வது அக்ரிலிக், ஒரு சொட்டு பட்டால் வலைவலையாக விரியும். விங் டிப் (இறக்கை நுனி) போன்ற பிளாஸ்டிக், ஃபைபர் பாகங்களில் ரிமூவர் படவே கூடாது, கையால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். உயரமும் வேகமும் காட்டும் கருவிகளுக்குக் காற்றழுத்தத்தைக் கொண்டுபோகும் ஸ்டாட்டிக் துளைகளை மூடும் டேப், பிறகு எடுக்க மறக்காதபடி கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கட்டும். 1996-ல் ஏரோபெருவின் 757 ஒன்று கழுவும்போது ஒட்டிய டேப்போடு லிமாவிலிருந்து கிளம்பி, 70 பேருடன் கடலில் விழுந்தது.

இப்போது எஃப்ஏஏ பட்டியலில் உண்டு என்று முதலில் சொன்ன அந்த விலக்கு. இறக்கையில் இருக்கும் ஏலரான், வாலில் இருக்கும் எலிவேட்டர், ரட்டர் என்ற, விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் அசையும் பாகங்கள் மூன்றும் எடை சமன் செய்யப்பட்டவை. சமன் செய்யப்பட்ட இப்படிப்பட்ட பாகங்களை எஃப்ஏஏ பட்டியல் வெளிப்படையாகவே ஒதுக்குகிறது. பெயிண்ட் எடையில் சில அவுன்ஸ் கூடினால்கூடச் சமன் மாறும். சமன் மாறினால் வேகத்தில் அந்தப் பாகம் படபடவென்று அடிக்கும், அது விமானத்தையே பிய்த்துவிடக்கூடும். 'ஒரு மெல்லிய கோட்தானே' என்று தரகர் சொல்வார். பழைய பெயிண்டின் மேலேயே அடித்தாலும் இதே கதைதான். எலிவேட்டரின் ஓரத்தில் கை அகலத்துக்கு டச்சப் என்றாலும் தொடாதீர்கள். இந்த மூன்றையும் உரிமம் பெற்ற மெக்கானிக்கிடம் கொடுத்து, சர்வீஸ் மானுவலில் உள்ள எல்லைக்குள் சமன் பார்த்து, லாக்புக்கில் அவர் கையெழுத்தோடு வாங்குங்கள்.

சுரண்டிய கசடைச் சாக்கடையில் விடாதீர்கள். பழைய பிரைமரில் (பெயிண்டுக்கு அடியில் இருக்கும் முதல் பூச்சில்) குரோமேட் என்ற நச்சு இருக்கலாம். மூடியுள்ள டிரம்மில் சேர்த்து, எங்கே ஒப்படைப்பது என்று விமான நிலைய அலுவலகத்தில் வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஹேங்கர் ஒப்பந்தத்தையும் ஒருமுறை பாருங்கள், உள்ளே பெயிண்ட் உரிக்கவே கூடாது என்று சில இடங்களில் எழுதியிருக்கும்.