நாடகப் பள்ளிக்குப் போகாத நடிகையைச் சுட்டிக்காட்டும் மகள்

கேள்வி: நாங்கள் லண்டனில், ஹாரோ பகுதியில் வசிக்கிறோம். மகளுக்குப் பதினேழு வயது, ஏ லெவல் படிக்கிறாள். சிறுவயதிலிருந்தே, லாம்டா என்ற லண்டன் நாடகப் பள்ளி நடத்தும் நடிப்புத் தேர்வுகளில் ஒவ்வொரு படியாகத் தேறி வந்தவள், இப்போது நடிகையாகத்தான் ஆவேன் என்று உறுதியாக நிற்கிறாள். ஆனால் நாடகப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்க மாட்டாளாம். “ஜோடி கோமர் எந்த நாடகப் பள்ளிக்கும் போகவில்லை, அவருக்கு எம்மியும் டோனியும் கிடைக்கவில்லையா?” என்று கேட்கிறாள். என் கணவரோ, முதலில் பார்மசி படித்து முடிக்கட்டும், பிறகு பார்ப்போம் என்கிறார். இதற்கிடையில் ஒரு நிறுவனம், புகைப்படத் தொகுப்புக்கும் தங்கள் நடிகர் பட்டியலில் சேர்ப்பதற்கும் என்று சில நூறு பவுண்டுகளை முன்கூட்டியே கேட்கிறது. இருவருக்கும் நடுவில் நிற்கும் நான் என்ன சொல்வது? – ஒரு வாசகி, ஹாரோ.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொல்லும் செய்தியில் பிழை இல்லை. ஜோடி கோமர் முழுநேர நாடகப் பள்ளி எதிலும் படித்தவர் அல்லர். 2019இல் ‘கில்லிங் ஈவ்’ தொடருக்காக பாஃப்டா விருதையும் எம்மி விருதையும், 2023இல் ‘ப்ரைமா ஃபேசி’ நாடகத்துக்காக லண்டனில் ஒலிவியே விருதையும் நியூயார்க்கில் டோனி விருதையும் பெற்றார். ஆனால், அந்தச் செய்தியிலிருந்து உங்கள் மகள் எடுத்திருக்கும் முடிவு சரியானதல்ல என்பது என் கருத்து. விருது மேடைகளை மட்டும் பார்க்காமல், அவற்றுக்கு முந்திய ஆண்டுகளை அவள் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பதிலைச் சற்று விரிவாக எழுதுகிறேன். இதை அவளிடமே படிக்கக் கொடுங்கள்.

கோமர் 1993இல் லிவர்பூலில் பிறந்தவர். தந்தை எவர்ட்டன் கால்பந்துக் கழகத்தில் உடலியக்கச் சிகிச்சையாளராகப் பணிபுரிந்தவர். கலைத்துறையோடு தொடர்புள்ள குடும்பம் அன்று. பள்ளிப் பருவத்தில் வார இறுதி நாடக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். பள்ளித் திறன்போட்டி ஒன்றுக்குத் தோழிகளோடு நடனம் ஆடுவதாக இருந்தவர், குடும்பத்தோடு விடுமுறைக்குச் சென்றதால் ஒத்திகைகளைத் தவறவிட்டார். தோழிகள் அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டனர். அதனால் தனியாக ஒரு வசனத்தை நடித்துக் காட்டினார். 1989இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் சிக்கி உயிரிழந்த லிவர்பூல் ரசிகர்களைப் பற்றியது அந்த வசனம். 97 உயிர்களைப் பறித்த அந்த நாளின் துயரம் இன்றும் ஆறாத நகரத்தில், ஒரு பள்ளிச் சிறுமி அதைப் பேசி அரங்கத்தைக் கட்டிப்போட்டாள் என்றால், அதற்கு முன்பே அவளிடம் ஏதோ பழகியிருந்தது என்று பொருள். அதைக் கண்ட நாடக ஆசிரியர்தான் அவரை பிபிசி வானொலி நாடகம் ஒன்றின் தேர்வுக்கு அனுப்பினார். முதல் கதவைத் திறந்தது வானொலி என்பதை உங்கள் மகள் கவனிக்க வேண்டும். அங்கே முகம் எடுபடாது, குரல் ஒன்றே துணை.

அதற்குப் பிறகு நடந்தவைதான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி. 2008இல் ‘தி ராயல் டுடே’ தொடரில் ஒரு சிறு வேடம். தொடர்ந்து ‘வாட்டர்லூ ரோடு’, ‘ஹோல்பி சிட்டி’, ‘கேஷுவல்ட்டி’, ‘சைலன்ட் விட்னஸ்’ போன்ற தொடர்களில் சின்னச் சின்ன விருந்தினர் வேடங்கள். 2013இல் தொடங்கிய ‘மை மேட் ஃபேட் டைரி’யில் கதாநாயகியின் தோழி, 2015இல் ‘டாக்டர் ஃபாஸ்டர்’ தொடரில் வேறொருத்தியின் கணவரோடு உறவுகொண்ட இளம்பெண். முழுத்தொடரும் தன் தோளில் நிற்கும்படியான முதல் வேடம் 2016இல் ‘தேர்ட்டீன்’ தொடரில்தான் கிடைத்தது: பதின்மூன்று ஆண்டுகள் நிலவறையில் அடைபட்டிருந்து தப்பி வரும் பெண்ணின் பாத்திரம். தொலைக்காட்சியில் முதல் முகம் காட்டியதற்கும் இதற்கும் நடுவே எட்டு ஆண்டுகள் ஓடியிருந்தன. அந்த எட்டு ஆண்டுகளும் படப்பிடிப்புத் தளங்களில், தம்மைவிட அனுபவம் மிக்க நடிகர்களுக்கு அருகில் நின்று, கேமராவுக்கு எவ்வளவு காட்டினால் போதும் என்பதை ஊதியம் பெற்றுக்கொண்டே கற்ற ஆண்டுகள். பயிற்சி இல்லாமல் வந்தவர் என்று அவரைச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் பயின்ற இடம் வேறு, அவ்வளவுதான்.

அந்த இடம் இன்று சுருங்கிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘ஹோல்பி சிட்டி’ 2022இல் நிறுத்தப்பட்டது. எத்தனையோ இளம் நடிகர்களுக்கு முதல் ஊதியத்தைத் தந்த பகல்நேரத் தொடரான ‘டாக்டர்ஸ்’, இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு 2024இல் முடிவுக்கு வந்தது. வாரந்தோறும் புதிய நோயாளிகளும் புதிய மாணவர்களும் தேவைப்பட்ட அத்தகைய தொடர்கள், பெயர் அறியப்படாத நடிகர்களுக்குப் பயிற்சிக் கூடங்களாகவே இருந்தன. கோமர் ஏறிய படிகளில் சில இப்போது இல்லை. அவர் ஏறினார் என்பதால் தானும் ஏறலாம் என்று நம்பும் பெண்ணுக்கு இதை மறைப்பது நேர்மையாகாது.

அதிர்ஷ்டத்தின் பங்கையும் ஒதுக்கிவிட முடியாது. 2012இல் லிவர்பூலை மையமாகக் கொண்ட ‘குட் காப்’ தொடரில் நடித்தபோது, ஸ்டீபன் கிரஹாம் என்ற தேர்ந்த நடிகர் அவருடைய திறமையைக் கண்டு தமக்கு நடிப்பு வாய்ப்புகளைத் தேடித்தரும் ஏஜென்டிடம் பரிந்துரைத்தார். அவரும் லிவர்பூலுக்கு அருகிலிருந்து, உழைக்கும் குடும்பத்திலிருந்து வந்தவர். இருவரும் 2021இல் ‘ஹெல்ப்’ என்ற தொலைக்காட்சிப் படத்தில் இணைந்து நடித்தார்கள். கொரோனாக் காலத்தில் கைவிடப்பட்ட ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இரவுப் பணியில் தனியாகச் சிக்கிக்கொள்ளும் ஊழியராக, தம் சொந்த லிவர்பூல் பேச்சிலேயே கோமர் நடித்த அந்தப் படத்தை உங்கள் மகளோடு உட்கார்ந்து பாருங்கள். ‘கில்லிங் ஈவ்’ தொடரில் நாட்டுக்கு நாடு பேச்சை மாற்றிக்கொள்ளும் கொலைகாரியாகப் புகழ்பெற்றவர், தம் ஊர்ப் பேச்சுக்குத் திரும்பும்போது எவ்வளவு ஆழமாக நடிக்கிறார் என்பது தெரியும். ஹாரோவில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண், தன் வீட்டுப் பேச்சின் சாயலை மறைத்தால்தான் நடிகையாகலாம் என்று நினைக்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி மேடைக்கு வருகிறேன். நாடகப் பள்ளி எதற்கு என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. கோமர் 2010இல் ஸ்காபரோ நகரத்தின் ஸ்டீபன் ஜோசப் அரங்கில் ஒரு நாடகத்தில் நடித்தார். அதன்பின் மேடைக்குத் திரும்பியது 2022இல், லண்டன் ஹெரால்ட் பின்டர் அரங்கில், ‘ப்ரைமா ஃபேசி’ நாடகத்தில். வழக்கறிஞராக இருந்து நாடக ஆசிரியராக மாறிய ஆஸ்திரேலியப் பெண்மணி சூஸி மில்லர் எழுதியது அது. பாலியல் குற்றம் சாட்டப்பட்ட ஆண்களுக்காக வாதாடி வென்றுவந்த ஓர் இளம் வழக்கறிஞர், தாமே அத்தகைய வன்முறைக்கு உள்ளாகிச் சாட்சிக் கூண்டில் நிற்க நேர்வதே கதை. ஏறத்தாழ நூறு நிமிடங்கள், ஒரே நடிகை. மேசைகளைத் தாமே நகர்த்தி, மேடையிலேயே உடை மாற்றி, கொட்டும் மழையில் நனைந்து, பல பாத்திரங்களின் குரல்களையும் தாமே பேச வேண்டும். அதையும் வாரத்தில் பல முறை, முதல் நாள் இருந்த அதே உயிரோட்டத்தோடு செய்ய வேண்டும்.

தொலைக்காட்சியில் ஒரு காட்சி சரியாக வரவில்லையென்றால் மறுபடி எடுக்கலாம். குரல் கம்மினால் ஒலிவாங்கி காப்பாற்றும். மேடை அப்படிப்பட்ட இடமன்று. 2023 ஜூனில், கனடாவின் காட்டுத்தீப் புகை நியூயார்க்கைச் சூழ்ந்திருந்த ஒரு பிற்பகலில், நாடகம் தொடங்கிச் சுமார் பத்து நிமிடங்களிலேயே மூச்சுவிட முடியவில்லை என்று சொல்லி கோமர் மேடையிலிருந்து இறங்கினார். மாற்று நடிகை முதலிலிருந்து தொடங்கி நாடகத்தை நடத்தி முடித்தார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. உடம்பின் எல்லையை அறிந்து நிறுத்தியது பொறுப்பான செயல். மூச்சையும் தொண்டையையும் உடலையும் மூலதனமாகக் கொண்ட தொழில் இது என்பதை அந்தப் பிற்பகல் காட்டியது என்பதற்காகவே சொல்கிறேன். அவற்றைப் பேணிக் கையாளத்தான் நாடகப் பள்ளிகள் மூன்று ஆண்டுகள் தினமும் பயிற்றுவிக்கின்றன. நேஷனல் தியேட்டர் லைவ் வழியாகத் திரையரங்குகளில் வெளியான அந்த நாடகத்தின் பதிவு மீண்டும் காட்டப்பட்டால், மகளைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். கதையின் தன்மையை மட்டும் முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

கோமரிடம் மற்ற எதையும்விட நான் மதிப்பது, எம்மி விருது கையில் இருந்தபோதும், தமக்கு அதிகம் பழக்கமில்லாத மேடையை, அதுவும் ஒற்றை ஆளாக நிற்க வேண்டிய மேடையைத் தேடிப் போனதைத்தான். தெரியாததைக் கற்கும் இடத்துக்கு நடந்து போகிற அந்தக் குணத்தை உங்கள் மகள் பின்பற்றட்டும். பள்ளிக்குப் போகாததை மட்டும் பின்பற்றுவது எளிது. அதனால் பயன் இல்லை.

ஆகவே, அவள் விண்ணப்பிக்க வேண்டும் என்றே நான் சொல்வேன். ராடா, லாம்டா, கில்ட்ஹால், சென்ட்ரல் போன்ற பள்ளிகளில் இடம் மிகக் குறைவு, விண்ணப்பிப்போர் மிக அதிகம். முதல் ஆண்டிலேயே கிடைக்காமல் போவது இயல்பு. பொதுவாக ஷேக்ஸ்பியர் காலத்து வசனம் ஒன்றும் தற்கால நாடக வசனம் ஒன்றும் தயாரித்து நடித்துக் காட்டச் சொல்வார்கள். லாம்டா தேர்வுகளில் தேறியவளுக்கு இது புதிதாக இராது; என்றாலும், தேர்வுக்காகத் திருத்தமாகப் பேசிப் பழகிய நடையை அங்கே கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கும். கட்டணத்தை எண்ணி அஞ்ச வேண்டாம். இப்பள்ளிகளின் பட்டப் படிப்புகளுக்கு, இங்கிலாந்துப் பல்கலைக்கழக மாணவர்களைப் போலவே தகுதியுள்ளோர் அரசு மாணவர் கடன் பெறலாம். 2025–26 கல்வியாண்டில் ஆண்டுக் கட்டணத்தின் உச்சவரம்பு 9,535 பவுண்டுகள்.

இடம் கிடைக்கும்வரை சும்மா இருக்கவும் தேவையில்லை. 1956இல் தொடங்கப்பட்ட நேஷனல் யூத் தியேட்டர் பதினான்கு முதல் இருபத்தைந்து வயது வரையுள்ளவர்களைத் தேர்வு வைத்துச் சேர்த்துக்கொள்கிறது; புகழ்பெற்ற நடிகை ஹெலன் மிரன் அங்கிருந்து வந்தவர். நாடகப் பள்ளிக்கு மாற்றாக, கட்டணமில்லாத பயிற்சிக் குழு ஒன்றையும் அது நடத்திவருகிறது.

உங்கள் கணவரின் கவலை எனக்குப் புரிகிறது. நடிகர் சங்கமான ஈக்விட்டியின் உறுப்பினர்களிலும் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே நடிப்பவர்கள். கோமரே தொடக்க ஆண்டுகளை அப்படித்தான் கழித்தார். ஆனால் பார்மசி என்பது நான்கு ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியுமாக ஐந்து ஆண்டுகளை முழுமையாகக் கேட்கும் தொழில். ஆர்வமில்லாத பெண்ணை அதில் சேர்த்தால், மருந்தியலும் அரைகுறையாகும், நடிப்பும் தள்ளிப்போகும். பட்டம் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தால், மாணவர் நாடகம் வலுவாக இருக்கும் பல்கலைக்கழகத்தில், அவளுக்குப் பிடித்த பாடத்தில் மூன்றாண்டுப் படிப்பு ஒன்றை நடுவழியாகப் பேசிப் பாருங்கள். ‘பிரிட்ஜர்டன்’ தொடரின் 2022ஆம் ஆண்டுப் பருவத்தில் சகோதரிகளாக நடித்த இருவரும் தமிழ் வேர் உள்ளவர்கள். அவர்களுள் சரித்திரா சந்திரன் ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம், அரசியல், பொருளியல் படித்தவர். அங்கே படிக்கும்போதே மேடையேறியவர். உங்கள் கணவர் கேட்கும் பட்டமும் உங்கள் மகள் கேட்கும் மேடையும் ஒரே இடத்தில் கிடைத்த வழி அது. சகோதரியருள் மற்றவரான சிமோன் ஆஷ்லி நடிப்புப் பள்ளி வழியாக வந்தவர்.

கடைசியாக, பணம் கேட்கும் அந்த நிறுவனத்தைப் பற்றி. ஒரு பென்னியும் கொடுக்க வேண்டாம். முறையான ஏஜென்ட், நடிகருக்கு வேலை வாங்கிக் கொடுத்து, அந்த ஊதியத்திலிருந்துதான் தம் பங்கை எடுத்துக்கொள்வார். தம் பட்டியலில் சேர்க்க முன்பணமும், தாம் சொல்லும் புகைப்படக்காரரிடமே படம் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வைப்பவர் நடிகர்களின் ஊதியத்தில் வாழ்பவரல்லர், அவர்களுடைய ஆசையில் வாழ்பவர். ஏதேனும் தாளில் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால், அடுத்த தொகையைக் கொடுக்கும் முன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் உங்கள் பகுதி அலுவலகத்துக்குச் சென்று கேளுங்கள்.