செபத்தில் ருசி இல்லாதபோது: டீச்சரிடம் சில கேள்விகள்

வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை, குமுளி பக்கத்துத் தமிழ் அன்பியங்களில், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழுக்களில், துண்டுச் சீட்டில் வந்த கேள்விகள் இவை. முப்பது வருடம் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்ததில் படித்ததையும் பட்டதையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

டீச்சர், முன்பெல்லாம் செபமாலை சொன்னால் கண் கலங்கும். ஆறு மாதமாக ஒன்றுமே இல்லை. இதற்கு ‘ஆன்மாவின் இருண்ட இரவு’ என்று பெயர் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். எனக்கு வந்திருப்பது அதுதானா?

அந்தப் பேச்சு ஸ்பெயின் நாட்டுத் துறவி புனித சிலுவை யோவானிடமிருந்து வந்தது. 1577 டிசம்பரில் சொந்த சபைத் துறவிகளே அவரைப் பிடித்து, தொலேதோ நகரத்து மடத்தில் இருட்டறையில் அடைத்தார்கள். சுமார் ஒன்பது மாதம் கழித்துத் தப்பித்தார். அவருடைய மிக அழகான பாடல்கள் சில அந்த அறையில்தான் பிறந்தன. வறட்சியைப் பற்றிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

அவர் மூன்று அடையாளம் சொல்கிறார். கடவுள் காரியத்திலும் ருசி இருக்காது, உலகக் காரியத்திலும் ருசி இருக்காது. ‘நான் ஆண்டவருக்குச் சரியாக ஊழியம் செய்யவில்லையே’ என்ற கவலை உள்ளே அரிக்கும். முன்பு போல யோசித்துத் தியானிக்க எவ்வளவு முயன்றாலும் முடியாது. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும்.

முதல் அடையாளத்தை வைத்து உங்களையே கேட்டுப் பாருங்கள், தங்கச்சி. செபமாலை கசக்கிறது, ஆனால் ரீல்ஸ் இனிக்கிறது என்றால் அது இருண்ட இரவு இல்லை. மனசு சிதறிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். வெட்கப்பட ஒன்றுமில்லை. நான்காம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்துத் துறவி எவாக்ரியுஸ் ‘நடுப்பகல் பேய்’ பற்றி எழுதியிருக்கிறார். அது பிடித்த துறவி சூரியன் நகர்ந்ததா என்று பார்ப்பார், சன்னலைப் பார்ப்பார், யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார். கையில் போன் இல்லாத காலத்திலேயே அந்த நிலைமை.

என் வீட்டில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில்தான் சார்ஜர் இருந்தது. மூன்றாவது மணி உருட்டும்போது திரை மின்னும். விரல் மணியிலேயே நிற்கும், வாய் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லும், நான் மட்டும் அங்கே இருக்கமாட்டேன். சார்ஜரை அடுக்களைக்கு மாற்றினேன். முதல் வாரம் செபம் இன்னும் மோசமாக இருந்தது. கை சும்மா அடுக்களைப் பக்கம் இழுத்தது. மூன்றாவது வாரத்தில்தான் ஒரு பத்து மணியை முழுசாக மாதாவோடு இருந்து சொல்ல முடிந்தது. நீங்களும் ஒரு மாதம் அப்படிச் செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் எதிலுமே ருசி இல்லை, கவலை மட்டும் இருக்கிறது என்றால் சாமியாரிடம் உட்கார்ந்து பேசுங்கள். தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாமே கெட்டிருந்தால் டாக்டரையும் பாருங்கள்.

‘இந்தச் செபத்தை 11 பேருக்கு அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும்’ என்று வருகிறதே?

அழித்துவிடுங்கள். ஆண்டவர் யாரையும் மிரட்டிச் செபம் வாங்குவதில்லை.

என் மாமியாருக்கு நடக்க முடியாது, போனில் பூசை பார்க்கிறார். நானும் கூடவே பார்த்துவிடுகிறேன். போதாதா, டீச்சர்?

அவருக்குப் போதும். உங்களுக்குப் போதாது. அவர் நற்கருணை மேலுள்ள ஆசையை வாய்விட்டுச் சொல்லி ஆன்மீக முறையில் வாங்கட்டும். வீட்டுக்கு நற்கருணை கொண்டுவரும்படி பங்கில் கேளுங்கள். இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்று வத்திக்கான் 2002-லேயே எழுதிவிட்டது. பாவசங்கீர்த்தனமும் அப்படியே, நேரில்தான்.

அதற்காகப் போனைப் பழிக்க என்னால் முடியாது. கொரோனாவில் கோயில்கள் மூடிக் கிடந்த 2020 மார்ச் 27 இரவு, பாப்பரசர் பிரான்சிஸ் வெறிச்சோடிய பேதுரு சதுக்கத்தில் மழையில் நின்றார். எஸ்டேட் லயத்து வீட்டில் ஒரே போனைச் சுற்றி ஏழு பேர் பார்த்தோம். அங்கே வைத்திருந்த பழைய மரச் சிலுவையில் தண்ணீர் வழிந்தது. யாரும் பேசவில்லை. அது செபம்தான். இன்று கோயில் கதவு திறந்திருக்கிறது, உங்களுக்குக் கால் இருக்கிறது.

மாதா சுரூபம் கண்ணீர் விடுகிற வீடியோ வந்தது. நம்பலாமா?

அவசரப்படாதீர்கள். 2024 மே மாதம் வத்திக்கான் புது விதிமுறை தந்திருக்கிறது: ஆயர் விசாரித்து, ரோமையின் ஒப்புதலோடுதான் முடிவைச் சொல்ல வேண்டும். சிலுவை யோவானும் காட்சிகளுக்கு ஆசைப்படாதே, தந்தை சொல்ல வேண்டியதையெல்லாம் மகனில் சொல்லிவிட்டார் என்கிறார். அந்தப் பத்து நிமிடத்தில் நற்செய்தியில் ஒரு பகுதி வாசிக்கலாம்.

காலையில் எஸ்டேட் மஸ்டரில் பெயர் கொடுப்பது, சாயங்காலம் வரை தேயிலைக் கொழுந்து பறிப்பது, பிறகு சோறு பொங்குவது. மௌனம், தியானம் எல்லாம் கன்னியாஸ்திரிகளுக்குத்தானே?

அக்கா, இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். அவிலா தெரேசம்மாள் பெரிய மறைஞானி. அவரே தன் சகோதரிகளுக்கு, அடுக்களைப் பானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடக்கிறார் என்று எழுதினார். கீழைத் திருச்சபைத் துறவிகளின் சின்னச் செபம் ஒன்று இருக்கிறது: ‘ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, கடவுளின் மகனே, பாவி என்மேல் இரக்கமாயிரும்.’ எரிகோ குருடனும் ஆயக்காரனும் கதறியதுதான் அதன் வேர். மூச்சு உள்ளே போகும்போது முன்பாதி, வெளியே வரும்போது பின்பாதி. இரண்டு இலை ஒரு மொட்டு கிள்ளுகிற கைக்கு ஏற்கெனவே ஒரு தாளம் இருக்கிறது. அதில் இதைப் போட்டுவிடுங்கள். எண்ண வேண்டாம். மறந்துபோனால் நினைவு வந்த இடத்திலிருந்து தொடருங்கள்.

வாகமண் குரிசுமலை ஆசிரமத்துக்கு லத்தீன் முறைக்காரர்கள் போகலாமா?

தாராளமாக. பெல்ஜியத்திலிருந்து வந்த பிரான்சிஸ் ஆச்சாரியாவும் இங்கிலாந்துக்காரர் பீட் கிரிஃபித்ஸும் 1958-ல் அந்த மலைக்கு வந்து ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். காவி உடை, தரையில் உட்காருவது, சைவச் சாப்பாடு, மாட்டுப் பண்ணை. வழிபாடு மலங்கரை முறை, அதுவும் கத்தோலிக்கத் திருச்சபையின் ஒரு கீழை வழிபாட்டு முறைதான். மொழி முழுசாகப் புரியாவிட்டாலும் உட்கார்ந்திருங்கள். முன்கூட்டியே கேட்டுவிட்டு ஏலப்பாறை வழியாகப் போங்கள், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள், விடியற்காலையில் குளிர் எலும்புவரை ஏறும்.