கிட்டார் கேள்விகள்: விரலைக் குறை சொல்லும் முன் கம்பியை அளந்து பாருங்கள்

இந்த மாதக் கடிதங்களைக் கும்பகோணத்தில் என் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். பாதிக்கு மேற்பட்ட கடிதங்களில் ஏதோ ஒரு மூலையில் அதே வரி இருக்கிறது: 'என் விரல் இதற்கு ஏற்றதில்லை போலிருக்கிறது.' அதனால் மயிலாடுதுறைப் பெரியவரின் கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நான் அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். வயது 61. பேத்தி விட்டுச் சென்ற கிட்டாரில் மூன்று வாரமாகப் பழகுகிறேன். விரல் நுனிகள் கன்றிவிட்டன. அழுத்தினால் பாதிக் கம்பிகள் ஒலிப்பதே இல்லை. இந்த வயதில் வராது என்கிறார்கள். விட்டுவிடட்டுமா?
— வாசகர், மயிலாடுதுறை

விடாதீர்கள், ஐயா. வயதைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். எழுத்துகள் புடைக்காத பழைய ஏ.டி.எம். அட்டைகள் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அட்டையின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். கிட்டாரின் கழுத்தில் 12-ஆவது மெட்டின் மேல் அந்த மூன்றையும் அடுக்கி, தடித்த ஆறாவது கம்பிக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைதான் மெட்டு. கடையில் ஃபிரெட் என்பார்கள். வீணைப் பட்டறையில் தொழில் பழகியதால் எனக்கு அது மெட்டுதான்.) மூன்று அட்டைகள் கம்பியைத் தொட்டும் தொடாமலும் நின்றால் உயரம் சரி. நான்கு நுழைந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஐந்து அட்டைகள் தாராளமாக நுழைந்தால் குற்றம் உங்கள் விரலில் இல்லை, வாத்தியத்தில் இருக்கிறது. இது இரும்புக் கம்பிக் கிட்டாருக்கான கணக்கு. நைலான் கிட்டாருக்கு ஐந்து வரை சரியே.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 1988-இல், பதினேழு வயதில், 450 ரூபாய்க்கு ஒரு பழைய கிட்டார் வாங்கினேன். எட்டு மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். விரல் நுனி வெடித்து இரத்தம் கசிந்த நாட்கள் உண்டு. சொல்லிக் கொடுத்தவர் என் கையைத் திருப்பிப் பார்த்து, 'உன் கைக்கு இது வராது' என்றார். கிட்டாரைப் பரணில் ஏற்றிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து, பெரியம்மாவின் வீணைக்கு மெட்டு மாற்ற வேண்டித் தஞ்சாவூரில் ஒரு பட்டறைக்குப் போனேன். என்ன நினைத்தேனோ, கிட்டாரையும் கூடவே எடுத்துப் போனேன். அங்கிருந்த ஆசாரி கம்பிக்கு அடியில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். விரல் உள்ளே போய்விட்டது. 'இதில் யாரால் வாசிக்க முடியும் தம்பி?' என்றார். கம்பிகளைத் தளர்த்தி, குதிரையின் மேல் (கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் கட்டை அது) நிற்கும் வெள்ளைத் தகட்டை உருவி, அதன் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து மறுபடி பொருத்தினார். அரைமணி நேர வேலை. அன்று மாலை அதே கையால் சி கார்டை, அதாவது பல கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும் பிடியை, பிடித்தேன். அதற்கு வேண்டிய ஐந்து கம்பிகளும் ஒலித்தன. கும்பகோணம் வரும் வரை பஸ்ஸில் கிட்டாரை மடியில் இருந்து இறக்கவில்லை. அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் பின்னாளில் அதே பட்டறையில் போய்த் தொழில் பழகினேன்.

உங்கள் ஊரில் பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது ஒரு கணக்கை மட்டும் நினைவில் வைத்திருங்கள். 12-ஆவது மெட்டு கம்பியின் சரிபாதியில் இருக்கிறது. அந்த இடத்தில் 1 மி.மீ. குறைய வேண்டுமானால் தகட்டில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். ஒரேயடியாகத் தேய்த்துவிட்டால் கம்பி மெட்டில் அடித்து இரையும். பிறகு புதுத் தகடுதான். கொஞ்சம் தேய்த்து, பொருத்தி, வாசித்துப் பார்த்து, மறுபடி தேய்க்கிற பொறுமை உள்ளவரிடம் கொடுங்கள். கூடவே 0.010 அங்குலத்தில் தொடங்கும் மெல்லிய கம்பிகளைப் போடச் சொல்லுங்கள்.

அதன் பிறகு தினமும் 15 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வாரம் முழுவதும் தொடாமல் விட்டால் ஒன்றும் ஏறாது. முதலில் ஈ மைனர், பிறகு ஏ மைனர், பிறகு சி, ஜி. எஃப் கார்டை மூன்று மாதத்துக்குத் தொட வேண்டாம். இரண்டு மெட்டுகளுக்கு நடுவில் அழுத்தாமல், மெட்டை ஒட்டி அதற்குச் சற்று முன்பாக அழுத்துங்கள். பாதி பலம் போதும். விரல் நுனித் தோல் மூன்று நான்கு வாரங்களில் தடித்துவிடும். சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். தோல் கன்றத் தொடங்கியதுமே அன்றைய பழக்கத்தை நிறுத்திவிடுங்கள், புண்ணாக விடவே கூடாது.

மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ஒரு வருடமாகக் கிட்டார் கேட்கிறான். சம்பா அறுவடைப் பணம் வந்ததும் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் 3,500 ரூபாய் கிட்டாரே போதும் என்கிறார். உறவினர் ஒருவர் பிக்அப் வைத்ததாகப் பார்த்து 15,000 ரூபாய்க்கு வாங்கச் சொல்கிறார். எதை நம்புவது?
— வாசகி, திருத்துறைப்பூண்டி

நெல் விற்ற பணம் என்று எழுதியிருக்கிறீர்கள், அம்மா. அதில் ஒரு ரூபாய் கூட வீணாகக் கூடாது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பிக்அப் வேண்டாம். மேடையில் ஒலிபெருக்கியோடு இணைக்கத்தான் அது தேவை. வீட்டுக் கூடத்தில் பழகும் பையனுக்கு அதனால் பயன் இல்லை. அதே பணத்தில் பிக்அப் இல்லாத கிட்டார் வாங்கினால் மரமும் வேலைப்பாடும் மேலாகக் கிடைக்கும். 3,500 ரூபாய்க் கிட்டார்களில் எப்போதாவது நல்லது அமைவதுண்டு. ஆனால் என் பட்டறைக்கு வரும் அந்த விலைக் கிட்டார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கழுத்து நேராக இருப்பதில்லை, கம்பியை முறுக்கும் பிருடைகளும் சுருதியில் நிற்பதில்லை. 8,000 முதல் 11,000 ரூபாய்க்குள் பெயர் பெற்ற நிறுவனத்தின் சாதாரண மாடல் ஒன்றை வாங்குங்கள். அதில் 500 ரூபாயைக் கம்பி உயரத்தைச் சரிசெய்வதற்கென்று தனியாக எடுத்து வையுங்கள். புதுக் கிட்டாருக்கும் அது தேவைப்படும்.

மேல்பலகை முழு மரமா, ஒட்டுப்பலகையா என்று கடையில் பேச்சு வரும். ஒலித்துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். மேலே ஓடும் மரத்தின் ரேகை விளிம்பிலும் அப்படியே தொடர்ந்தால் அது முழு மரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. முழு மரத்தின் நாதம் உயர்ந்தது, வருடங்கள் போகப்போக இன்னும் கனியும். ஆனாலும் முதல் கிட்டாருக்கு நான் ஒட்டுப்பலகையைத்தான் சொல்வேன். ஐப்பசி, கார்த்திகையில் நம் வீட்டுக் கதவுகளே ஊதிப்போய் மூட மறுக்கின்றன. கிட்டாருக்கு உகந்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். டெல்டாவின் அடைமழையில் அது எங்கே கிடைக்கப்போகிறது? ஒட்டுப்பலகை அந்த ஈரத்தைத் தாங்கிக்கொள்ளும்.

கடைக்கு மகனையும் அழைத்துப் போங்கள். அவன் மடியில் வைத்து, வலது கையைக் கிட்டாரின் உடல் மேல் போடும்போது தோள் தூக்கிக்கொண்டு நின்றால் அந்த உடல் அவனுக்குப் பெரிது. சற்றுச் சிறிய உடல் கொண்டதைக் கேளுங்கள். அடுத்து, கிட்டாரைத் துப்பாக்கிபோல் நீட்டிப் பிடித்துக் கழுத்தின் ஓரமாகப் பாருங்கள், முறுக்கல் இருந்தால் கண்ணுக்கே தெரியும். கழுத்தின் இரண்டு ஓரங்களிலும் விரலை ஓட்டுங்கள். மெட்டின் முனை கீறினால் வேண்டாம். பிறகு ஆறு கம்பிகளிலும் ஒவ்வொரு மெட்டாக அழுத்தி மீட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடம் ஆகும். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். எங்கேயாவது இரைந்தால் அடுத்த கிட்டாரை எடுக்கச் சொல்லுங்கள். ஒரே மாடலில் மூன்று கிட்டார் இருந்தால் மூன்றும் மூன்று விதமாக இருக்கும். நிறம் பார்த்து வாங்குவதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

அறுவடை முடியும் வரை பையன் காத்திருக்கிறான் என்று படித்தபோது மனம் நெகிழ்ந்தது. வாங்கியதும் ஒரு வரி எழுதுங்கள்.

கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. தேவாலயப் பாடல் குழுவில் வாசிக்கிறேன். புதுக் கம்பி போட்டு ஒரு மாதத்தில் துருப்பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா? கம்பிச் செலவைக் குறைக்க எங்கள் நைலான் கிட்டாரில் இரும்புக் கம்பி போடலாமா என்றும் யோசிக்கிறோம்.
— வாசகர், வேளாங்கண்ணி

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கூடவே கூடாது. ஒரு செட் நைலான் கம்பிகளின் மொத்த இழுவிசை சுமார் 40 கிலோ. இரும்புக் கம்பிகள் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். நைலானுக்காகச் செய்த மெல்லிய பலகை அதைத் தாங்காது. இப்படி மாற்றிப் போட்டு, குதிரை பலகையோடு பெயர்ந்து வந்த கிட்டார் ஒன்று இப்போதும் என் பட்டறையில் இருக்கிறது. கேட்டு வருகிறவர்களுக்கு அதைத்தான் காட்டுகிறேன்.

எண்ணெயும் வேண்டாம். வீணை வாசிப்பவர்கள் விரல் வழுக்கிச் செல்ல எண்ணெய் தொட்டுக்கொள்வார்கள். கிட்டாரின் தடித்த கம்பிகளில் சுற்றியிருக்கும் வெண்கல இழைகளுக்கு நடுவே எண்ணெய் இறங்கினால் அழுக்குச் சேர்ந்து நாதம் செத்துவிடும். வாசிப்பதற்கு முன் கை கழுவுங்கள். முடிந்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். கிட்டாரைச் சுவரில் மாட்டாமல் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். மெல்லிய பூச்சுப் பூசிய கம்பிகள் கடையில் கிடைக்கின்றன. விலை அதிகம்தான், ஆனால் உப்புக் காற்றில் பல மாதம் தாங்கும்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஐந்து வருடமாக வீணை கற்கிறாள். இப்போது கிட்டாரும் வேண்டும் என்கிறாள். வீணை கெட்டுவிடும் என்று வீட்டில் எதிர்க்கிறார்கள்.
— வாசகர், திருவையாறு

எதிர்க்கும் பெரியவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். வீணையில் 24 மெட்டுகள், ஒரு ஸ்தாயிக்கு 12. கிட்டாரிலும் ஒரு ஸ்தாயிக்கு 12. நம் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்கள்தான் அங்கேயும் இருக்கின்றன. ஆசாரி வீணையின் மெட்டுகளைக் காதால் கேட்டுக் கேட்டு மெழுகில் பதிக்கிறார். கிட்டாரிலோ கணக்குப்படி அறுத்த பள்ளத்தில் அடித்து இறக்கிவிடுகிறார்கள்.

உங்கள் மகள் இன்றே செய்து பார்க்கக்கூடியது ஒன்று சொல்கிறேன். தடித்த கம்பியில் இருந்து மெல்லியதற்கு ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி சேர்த்த கிட்டாரில், ஐந்தாவது கம்பியின் மூன்றாவது மெட்டு ஸட்ஜம். நான்காவது கம்பியை வெறுமனே மீட்டினால் ரி, இரண்டாவது மெட்டில் க, மூன்றாவதில் ம. மூன்றாவது கம்பி வெறுமனே ப, இரண்டாவது மெட்டில் த. இரண்டாவது கம்பி வெறுமனே நி, முதல் மெட்டில் மேல் ஸட்ஜம். மேற்கத்தியர் இதை சி மேஜர் என்பார்கள். அவளுக்கு இது சங்கராபரணம்.

இந்தச் சந்திப்பு நம் மண்ணுக்குப் புதிதல்ல. திருவாரூரில் 1775-இல் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்தியப் பாட்டு மெட்டுகளுக்கு ஸாஹித்யம் அமைத்தார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகள் பாடுவது அதைத்தான். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். தஞ்சை அரண்மனையில் இரண்டாம் சரபோஜி மேற்கத்திய வாத்தியக் குழு ஒன்றை வைத்திருந்தார். நம் காலத்தில் பிரசன்னா கிட்டாரில் கர்நாடகக் கச்சேரியே செய்கிறார். ஆகவே சங்கீதம் கெடாது.

கவனிக்க வேண்டியது கைதான். வீணையில் இடது கை விரல்கள் கம்பியை இழுத்துக் கமகம் பிடிக்கும். கிட்டார் கழுத்தைப் பிடிக்கும்போது கட்டைவிரல் பின்னால் நிற்க வேண்டும். ஒரே உட்காரலில் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தால் பிடி குழம்பும். காலையில் வீணை, மாலையில் கிட்டார் என்று பிரித்துக்கொள்ளட்டும். அவளுக்கு நைலான் கிட்டார் வாங்குங்கள், உடல் வளர்த்தி குறைவென்றால் முக்கால் அளவு. நைலான் கிட்டாரின் கழுத்து 52 மி.மீ. அகலம், இரும்புக் கம்பிக் கிட்டாரில் 43 தான். விரலால் மீட்டிப் பழகிய குழந்தைக்கு அந்த அகலம் வசதியாக இருக்கும்.

செயலியைப் பார்த்துக் கற்றால் போதாதா?
— வாசகர், மன்னார்குடி

சுருதி சேர்க்கவும் தாளம் பழகவும் செயலி நன்றாக உதவும். மணிக்கட்டு மடங்கியிருக்கிறதா என்று அது பார்க்காது. முதல் இரண்டு மாதம் மட்டுமாவது ஓர் ஆசிரியர் எதிரில் உட்காருங்கள்.

காலமான என் அண்ணனின் கிட்டார் பதினைந்து வருடமாகப் பரணில் இருந்தது. கம்பிகள் முறுக்கேறியபடியே இருக்கின்றன. குதிரை ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. என் மகன் அதில் வாசிக்க ஆசைப்படுகிறான். முடியுமா?
— வாசகி, பாபநாசம்

முடியும் என்றுதான் நினைக்கிறேன், அம்மா. குதிரைக்கு அடியில் ஒரு தாள் நுழைகிற அளவு இடைவெளி என்றால் பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புதிதாக ஒட்டி, ஒரு நாள் முழுக்க இறுக்கிப் பிடித்து வைத்தால் சரியாகிவிடும். உடனடிப் பசை எதையும் நீங்களாகப் போட்டுவிட வேண்டாம், அதைச் சுரண்டும்போது மரமும் சேர்ந்து வரும். பின்பலகை ஈட்டி மரமாக இருந்தால் இன்னும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இதழ் கையில் கிடைத்ததும் ஆறு கம்பிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரு கம்பியை முழுவதும் அவிழ்த்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், ஆறையும் சுற்றுச் சுற்றாக இறக்குங்கள். பிறகு ஒரு பழைய போர்வையில் சுற்றிக் கும்பகோணத்துக்கு எடுத்து வாருங்கள். உங்கள் மகனும் கூட வரட்டும்.