மார்கழிப் பனியிலும் உடம்பு கொதிக்கிறது

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். வயது 50. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடமாகிறது. நள்ளிரவில் உடம்பு திடீரென்று கொதித்து, ரவிக்கை நனைந்து எழுகிறேன். கணவர் இரண்டு கம்பளிக்குள் சுருண்டிருக்க, நான் ஜன்னலைத் திறக்கிறேன். ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் புற்றுநோய் வருமா? 58 வயதான கணவருக்கும் ஓயாத அசதி. ஹார்மோன் ஊசி போடலாமா?

பதில்: சகோதரி, ‘இந்த வயதில் இதெல்லாம் சகஜம்’ என்று உங்களிடம் பலர் சொல்லியிருப்பார்கள். சகஜம்தான். அதற்காக இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு, விடிந்ததும் கூடையோடு சரிவில் ஏற வேண்டியதில்லை. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, உடல் சூட்டைக் கவனிக்கும் மூளைப் பகுதி தடுமாறுகிறது. அதனால்தான் வெளியே பனி கொட்டும்போதும் வியர்க்கிறது.

புற்றுநோய் பயத்தைப் பெரிதாகக் கிளப்பியது, 2002-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (செயற்கைப் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்) சேர்த்து எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் சற்றுக் கூடியதால் அந்தச் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63. உங்களைப் போல 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள் தொடங்குபவர்களுக்கு, தொல்லை கடுமையாக இருந்தால் பெரும்பாலும் நன்மையே அதிகம், எலும்புக்கும் பலம். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சிறிது கூடும்.

கருப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கவே கூடாது. கருப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோயாக மாறலாம். அந்த உட்சுவரைக் காக்கப் புரோஜெஸ்டிரோனும் சேர வேண்டும். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, காலில் ரத்த உறைவு வந்தவர்களுக்கு இந்தச் சிகிச்சை பொதுவாக ஆகாது. மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டிருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லில் ரத்தம் உறையும் ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. அதைப் பற்றியும் கேளுங்கள். ஊட்டியிலோ குன்னூரிலோ பெண்கள் நல மருத்துவரைப் பார்க்க ஒருநாள் கூலி போனாலும் போகட்டும், போய் வாருங்கள்.

கணவருக்கு வருகிறேன். ஆண்களுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஒரேயடியாக நிற்பதில்லை, மெல்லக் குறைகிறது. அசதியை மட்டும் வைத்து ஊசி போடுவது தவறு. சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு, குறட்டையால் கெடும் தூக்கம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன் அளவைக் காலையில், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் பார்க்க வேண்டும். இரண்டிலும் குறைவாக இருந்து, அதற்குரிய அறிகுறிகளும் இருந்தால்தான் ஊசி பற்றிய பேச்சே.

மலைவாசிகளுக்கு இன்னொன்று. சுமார் 6,000 அடி உயரத்தில் ஆக்சிஜன் குறைவு என்பதால் ரத்தச் சிவப்பணுக்கள் ஏற்கெனவே சற்றுக் கூடுதலாக இருக்கலாம். இந்த ஊசி அவற்றை மேலும் கூட்டி ரத்தத்தைக் கெட்டியாக்கும். தொடங்கும் முன்பும், மூன்று மாதம் கழித்தும் சிவப்பணு அளவையும் புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள ஆண் சுரப்பி) பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள்.