ஒரே தேதியில் ஏன் இத்தனை பேர் பிறந்தும் இறந்தும் இருக்கிறார்கள்?

'வரலாற்றில் இன்று' என்பது வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே மாதம், ஒரே தேதியில் நடந்தவற்றின் தொகுப்பு. ஜூலை 4-ஐப் பாருங்கள். 1776-இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்டது. விவேகானந்தர் மறைந்தது 1902-இல், மேரி கியூரி 1934-இல். ஹிக்ஸ் போசான் என்ற அடிப்படைத் துகளைக் கண்டதாக ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் அறிவித்ததும் 2012-இல் இதே தேதிதான்.

காரணம் எளிது. வரலாறு எவ்வளவு நீண்டாலும் தேதிகள் மொத்தம் 366தான். அத்தனை கட்டங்கள் உள்ள அலமாரியில் பல்லாயிரம் கடிதங்களைப் போட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் கத்தை கத்தையாகச் சேரத்தானே செய்யும்! 23 பேர் கூடினாலே இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கும் சற்று அதிகம்.

அப்படியும் சில பொருத்தங்கள் வியக்க வைக்கின்றன. முன்னாள் அமெரிக்க அதிபர்கள் ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெஃபர்சன் இருவருமே அந்தப் பிரகடனத்தின் 50-ஆம் ஆண்டு நாளான 1826 ஜூலை 4 அன்று, சில மணி நேர இடைவெளியில் இறந்தார்கள். ஐந்தாண்டு கழித்து இன்னொரு முன்னாள் அதிபர் ஜேம்ஸ் மன்றோவும் அதே தேதியில் இறந்தார். இவற்றை எண்ணிக்கை மட்டும் விளக்கிவிடுகிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், ஒரே ஆண்டில் ஒரே தேதி என்றால் ஒரே நாள் என்று பலர் நினைக்கிறார்கள், அது எப்போதும் சரியல்ல: ஷேக்ஸ்பியர் இறந்த 1616 ஏப்ரல் 23 இங்கிலாந்தின் பழைய ஜூலியன் காலண்டர் தேதி, இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் காலண்டருக்கு ஏற்கெனவே மாறியிருந்த ஸ்பெயினில் அன்று மே 3.